பெரியப்பாவின் ஹெரால்டை 12 சென்டிமீட்டரில் கட்டுவது எப்படி

குழந்தையாக இருந்தபோது காரின் வெளிப்பக்கத்தை நாம் பார்த்தது கொஞ்சம்தான். வாசலில் நிற்கும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. மற்ற நேரமெல்லாம் பின்சீட்டில் அத்தைக்கும் அக்காவுக்கும் நடுவே நெருக்கி உட்கார்ந்து, ஓட்டுகிறவரின் பின்கழுத்தையும் சீட் கவரின் தையலையும் பார்த்துக்கொண்டே போயிருப்போம். அந்தக் காலத்துக் காரை மாடலாகச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பளபளக்கும் பெயிண்டைவிட உள்பக்கத்துக்கு நேரம் கொடுங்கள். பலரும் இருக்கையையும் டேஷ்போர்டையும் கருப்பில் ஒரு பூச்சு பூசி மூடிவிடுகிறார்கள். மேல்கூட்டை ஒட்டிவிட்டால் பிறகு கை உள்ளே போகாது.

நான் செய்தது பெரியப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மெட்ராஸில் பிறந்த கார் அது. பிரிட்டனில் 1959-ல் வந்த டிரயம்ப் ஹெரால்டை, 1961 முதல் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் கட்டினார்கள். உருவம் வரைந்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிக்கலோட்டி. அந்தக் கூர்மையான பின் மட்கார்டையும், மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் பானெட்டையும் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். மயிலாப்பூர் சந்துகளில் பெரியப்பா ரிவர்ஸ் போடாமல் திருப்பியது அதனால்தான்.

உங்கள் வண்டி எது, எந்த அளவில்

உங்கள் வீட்டு வண்டி ஹெரால்டாக இருந்தால் வழி எளிது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1:32 அளவில் டிரயம்ப் ஹெரால்டு கிட், அதாவது துண்டுகளாக வந்து நாமே ஒட்டிச் சேர்க்கும் பெட்டி, போட்டிருக்கிறது. புதிதாகவோ பழைய சரக்காகவோ இணையத்தில் தேடி வாங்கலாம். 1:32 என்றால் அசலின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அசல் நீளம் 3,886 மி.மீ.; மாடல் 121 மி.மீ., உள்ளங்கையில் அடங்கிவிடும். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அசலில் 2,324 மி.மீ.; மாடலில் 72 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும்.

அம்பாசடரோ ஃபியட்டோ என்றால் வேறு வழி. நம்மூர் பொம்மைக் கடைகளில் சென்டி டாய்ஸின் பிளாஸ்டிக் அம்பாசடர் கிடைக்கும், பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் வகை. குழந்தைகள் பொம்மைதானே என்று தள்ளிவிடாதீர்கள். அடியில் இருக்கும் திருகுகளைக் கழற்றினால் மேல்கூடு, அடித்தட்டு, உள்பக்கம் என்று தனித்தனியாக வந்துவிடும். பொம்மையின் அளவு விகிதத்தைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு போதும். சக்கர மையங்களுக்கு இடையே ஸ்கேல் வைத்து அளந்து, அசல் அளவை அதால் வகுங்கள். அம்பாசடரில் அசல் 2,464 மி.மீ.; பொம்மையில் 77 வந்தால் அது 1:32. ஃபியட் 1100-க்கு, அதாவது பிறகு பிரீமியர் பத்மினி ஆனதற்கு, 2,340. இந்த விகிதம் கையில் இருந்தால்தான் பிறகு நீங்கள் செய்யப்போகும் சின்னச் சாமான்கள் அளவோடு உட்காரும்.

ஹெரால்டில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் இரண்டு கதவு ஹெரால்டுதான். இந்தியாவில் பிறகு நாலு கதவு மாடலும் வந்தது. உங்கள் வீட்டில் இருந்தது எது என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். நாலு கதவு என்றால் கிட்டில் இருக்கும் கதவுக் கோட்டைப் பட்டி வைத்து அடைத்து, புதுக் கோடு கீற வேண்டும். தடித்த லேபிள் டேப்பை விளிம்பாக ஒட்டி, பிளேடின் முதுகால் மெதுவாகப் பலமுறை இழுத்தால் நேர்கோடு விழும். ஒரே அழுத்தில் கீற நினைத்தால் கை வழுக்கும். முதல் மாடலுக்கு இரண்டு கதவே நல்லது.

பசை திறப்பதற்கு முன்னால்

முதலில் பேசுங்கள். அந்த வண்டியில் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றால் இந்த வேலையை ஒத்திப்போடக் கூடாது. நான் பெரியப்பா மகனிடம் போனில் கேட்டேன், "அண்ணா, சீட் என்ன நிறம்?" "பச்சை கலந்த சாம்பல்ம்மா. ஆனா அப்பா அதுமேல எப்பவும் ஈரிழைத் துண்டு விரிச்சிருப்பார், சிவப்புக் கரை போட்டது." அந்தத் துண்டு எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. அவர் சொன்ன மறுகணம் தொடையில் ஒட்டாத அந்தப் பருத்தியின் சொரசொரப்பே வந்துவிட்டது. இப்படி ஒன்று கிடைத்தால் ஒரு நோட்டில் எழுதி, 32-ஆல் வகுத்துப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆல்பத்தில் இருக்கும் கலர் போட்டோவின் நிறத்தை அப்படியே நம்ப வேண்டாம். பழைய பிரிண்டுகளில் நீலச்சாயம் முதலில் மங்கி, எல்லாமே சிவந்து தெரியும். வெள்ளை முண்டும் வெள்ளைச் சுவரும் அந்தப் படத்தில் எவ்வளவு சிவந்திருக்கின்றன என்று பார்த்து, வண்டியின் நிறத்திலும் அவ்வளவு சிவப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சின்னப் பொருளில் எந்த நிறமும் அசலைவிட அழுத்தமாகத் தெரியும். துளி வெள்ளை கலந்தால் சரியாகிவிடும்.

சாமான்கள்

நுனி மெல்லிய கட்டர், கத்தி பிளேடு, ட்வீசர், ஊசி அரம். பின்னிரண்டும் சௌகார்பேட்டையில் நகை வேலைக்கான கருவி விற்கும் கடைகளில் நல்ல தரத்தில் கிடைக்கும். ஆசாரிகள் பயன்படுத்துகிற மெல்லிய அரம்தான் நமக்கும். உப்புத்தாள் 400, 800, 1000, 2000. மாஸ்கிங் டேப், பட்டி, ப்ரைமர்.

பசை விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாலிஸ்டிரீன் பிளாஸ்டிக்குக்கு டமியா நிறுவனத்தின் மெல்லிய சிமென்ட் என்ற பசை போன்றதுதான் சரி. அது பிளாஸ்டிக்கை மேலாக இளக்கி இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகை நுனியால் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடும். ஃபெவிக்விக் கண்ணாடிப் பக்கமே வரக் கூடாது. அதன் ஆவி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் புகையாகப் படிந்துவிடும். கண்ணாடிகளுக்கு வெள்ளை ஃபெவிகால். காய்ந்தால் தெரியாது, வழிந்தாலும் ஈரத்துணியில் துடைக்கலாம். நெயில் பாலிஷ் ரிமூவரைக் கொண்டு எதையும் துடைக்காதீர்கள், அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

கிட் வந்ததும் துண்டுகளை, அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டாமலே, பாத்திரம் தேய்க்கும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய்ப்பசை அதில் இருக்கும். பெயிண்ட் உரிந்து வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். பழைய அச்சு என்பதால் ஓரங்களில் மெல்லிய பிசிறு இருக்கும், அரத்தால் தட்டிவிடுங்கள். முன்பக்கம் டிரயம்ப் என்ற எழுத்து புடைப்பாக இருந்தால் 800 தாளில் தேய்த்து எடுத்துவிடுங்கள். நம்முடையது ஸ்டாண்டர்ட்.

பின்சீட்டிலிருந்து தொடங்குவது

துண்டுக்கு டிஷ்யூ பேப்பர். அடுக்கைப் பிரித்து ஒற்றை அடுக்காக எடுத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து இருக்கைமேல் விரித்து, ஊசியின் பின்முனையால் மடிப்பைத் தள்ளிவிடுங்கள். காய்ந்தபின் விறைப்பாக நிற்கும். மேலே பழுப்பு வெள்ளை அக்ரிலிக், ஓரத்தில் ஒற்றை மயிர் தூரிகையால் சிவப்புக் கரை. இருக்கையின் நிறத்தை ஒரே சீராகப் பூசாதீர்கள். உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடம் கொஞ்சம் வெளிறியிருக்கும், மடிப்புகளில் அழுக்கு அடர்ந்திருக்கும். தண்ணீராக நீர்த்த பழுப்பை ஊற்றி, மேடுகளைத் துடைத்தால் அது தானாக வரும்.

டேஷ்போர்டு பிள்ளையார் அசலில் ஐந்து சென்டிமீட்டர் இருந்திருப்பார். 1:32-ல் ஒன்றரை மி.மீ., கடுகளவுதான். பட்டியில் ஒரு துளியைக் குண்டூசி நுனியில் எடுத்து வைத்து, இன்னொரு துளியை அதன்மேல் வைத்து, பொன்நிறம் தொட்டால் போதும். தும்பிக்கை வேண்டியதில்லை. முன்கண்ணாடி வழியே பார்க்கிறவர்களுக்கு அவர் யார் என்று தெரிந்துவிடும். ஸ்டியரிங் வலப்பக்கம்தான், பிரிட்டிஷ் வண்டி என்பதால் மாற்ற வேண்டியதில்லை. மீட்டரின் எண்களை வரைய முயல வேண்டாம். கருப்பு வட்டத்தில் மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று, அதன்மேல் கண்ணாடிபோல ஒரு சொட்டு ஃபெவிகால்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஜன்னல். கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது, 1962-ல் திறந்து 2008-ல் மூடியது. இன்று செம்மொழிப் பூங்கா இருக்கும் இடம். மரத்தடியில் காரை நிறுத்தினால் சர்வர் வந்து, பாதி இறக்கிய கண்ணாடியில் தட்டை மாட்டிவிட்டுப் போவார். ஹெரால்டு என்றால் எனக்கு அந்தத் தட்டுதான். அதைச் செய்வது இப்படி.

கிட்டோடு வரும் கண்ணாடித் துண்டைப் பாதியாக வெட்ட முயன்றால் விரிசல் விடும். முன்கண்ணாடியை மட்டும் வைத்துக்கொண்டு, பக்க ஜன்னலுக்கு ஓ.எச்.பி. ஷீட் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளையோ சட்டைப் பெட்டியின் ஒளிபுகும் மூடியையோ வெட்டிக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடியைக் கதவு விளிம்பிலிருந்து நாலு மி.மீ. உயரத்துக்கு மட்டும் வைத்து ஃபெவிகாலில் நிறுத்துங்கள். தட்டுக்கு மாத்திரை அட்டையின் பின்பக்க அலுமினியத் தாள். 12 மி.மீ.க்கு 8 மி.மீ. வெட்டி, ஓரத்தை ஸ்கேல் விளிம்பில் வைத்து அரை மி.மீ. மடித்துவிட்டால் தட்டின் விளிம்பு வந்துவிடும். மாட்டும் கொக்கிக்கு மெல்லிய செம்புக் கம்பி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்த ஒயர் கடையிலும் பல இழை ஒயர் ஒரு மீட்டர் வாங்கிப் பிரித்தால் இந்த ஜென்மத்துக்கும் போதும். டம்ளருக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சியின் பிளாஸ்டிக் தண்டு. இரண்டரை மி.மீ. நீளத்துக்கு நறுக்கி, வெள்ளிப் பூச்சு கொடுத்து, உள்ளே ஒரு சொட்டு காப்பி நிறம், அதன்மேல் வெளிர்ப்பழுப்பில் நுரை. எங்கள் தட்டில் இரண்டு டம்ளர். ஒன்று பெரியப்பாவுக்கு, இன்னொன்று பெரியம்மாவுக்கு. குழந்தைகளுக்குக் காப்பி கிடையாது.

என்ஜினைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பானெட்டை அறுத்துத் திறக்கும்படி செய்ய ஆசை வரும். இரண்டாவது மாடலில் செய்யுங்கள்.

குடும்பம் ஏறிய வண்டி

ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடும் அச்சில் இருந்தன. வண்டி காலியாக நிற்கும்போது சக்கரம் நிமிர்ந்தோ, மேல்பக்கம் கொஞ்சம் வெளியே விரிந்தோ இருக்கும். ஆட்கள் ஏறி உட்கார்ந்ததும் பின்பாகம் தாழ்ந்து, சக்கரங்களின் மேல்விளிம்பு உள்ளே சாயும். பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்துச் சக்கரத்தை ஒட்டினால் ஷோரூமில் நிற்கிற வண்டி கிடைக்கும். நாம் கட்டுவது பெரியவர்களும் குழந்தைகளுமாக ஆறேழு பேர் ஏறி, டிக்கியில் சாப்பாட்டுக் கேரியரோடு மகாபலிபுரம் கிளம்பிய வண்டி.

செய்முறை சின்னது. பின்சக்கரம் மாட்டும் முனையை அரத்தால் லேசாகச் சாய்வாக ராவுங்கள். சக்கரம் 18 மி.மீ. விட்டம் இருக்கும். மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட ஒரு மி.மீ. உள்ளே இருந்தால் சாய்வு மூன்று டிகிரி, அது போதும். பின்பாகத்தையும் அரை மி.மீ.யிலிருந்து ஒரு மி.மீ. வரை தாழ்த்துங்கள். சக்கரத்தைச் சட்டென்று ஒட்டாமல், சமதளக் கண்ணாடிமேல் வைத்து நாலும் தரை தொடுகிறதா என்று பார்த்தபின் பசை விடுங்கள். ஹெரால்டு ஓட்டிய யாராவது மாடலைப் பார்த்தால் முதலில் இந்த இடத்தைத்தான் சுட்டுவார்கள்.

சென்னை வெயிலில் பெயிண்ட்

இந்த ஊரில் பெயிண்ட் அடிப்பதற்கு நேரம் பார்க்க வேண்டும். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது லாக்கர் ஸ்ப்ரே அடித்தால், கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் மேற்பரப்பில் ஈரம் படிந்து பெயிண்ட் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். விடியற்காலையில் ஈரம் உச்சத்தில் இருக்கும். கடல்காற்று வந்தபிறகு மறுபடி ஏறும். வெயில் ஏறி, கடல்காற்று வருவதற்கு முன்னாலான நேரம், பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை, நல்லது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஸ்ப்ரேயைத் தொடவே வேண்டாம். அந்த மாதங்களை உள்பக்க வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் நேர்மாறான தொந்தரவு. துளிகள் வண்டியைத் தொடும் முன்பே காற்றில் உலர்ந்து, மேற்பரப்பு மணல் தூவியதுபோல் சொரசொரக்கும். மாசி, பங்குனி எனக்குப் பிடித்த மாதங்கள்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், காற்றுக்கு முதுகு காட்டி, பெரிய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் கவிழ்த்து அதற்குள் அடியுங்கள். முகமூடி கட்டாயம். வீட்டுக்குள் அடிப்பதென்றால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் கொசுவத்திச் சுருளோ விளக்கோ எரியக் கூடாது. ஸ்ப்ரே சட்டென்று தீப்பிடிக்கும். அந்தி நேரத்தில் அடித்தால் பூச்சி வந்து ஒட்டும்.

முதலில் ப்ரைமர். தூரம் 15 முதல் 20 செ.மீ. கை வண்டிக்கு வெளியே தொடங்கி, வண்டியைத் தாண்டி நிற்க வேண்டும். ஒரே பூச்சில் மூடப் பார்க்காமல், மெல்லிய பூச்சாக மூன்று நாலு. கார் டிங்கரிங் பட்டறைகளில் அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டைத்தான் அடிப்பேன், அந்த அசல் நிறம் அங்கேதான் கலந்து தருவார்கள் என்று நீங்கள் சொன்னால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்தத் தின்னர் வெறும் பிளாஸ்டிக்கை அரித்து வெடிப்பு விழவைக்கும். நல்ல ப்ரைமர் போட்டு முழுதாகக் காயவிட்டு, முதல் பூச்சைத் தூவினாற்போல் அடித்தால்தான் தாங்கும். வெட்டிப்போட்ட சட்டத்தில் முதலில் அடித்துச் சோதித்துவிடுங்கள்.

இரட்டை நிற வண்டி என்றால் வெளிர்நிறம் முதலில். நன்றாகக் காய்ந்தபின் டேப் ஒட்டி, அதன் விளிம்பில் அதே வெளிர்நிறத்தை ஒருமுறை மெல்ல அடித்து அடைத்துவிட்டு, பிறகு அழுத்தமான நிறம். அடியில் கசிவது அந்த முதல் நிறமாகத்தான் இருக்கும் என்பதால் கோடு கத்தியால் வெட்டியதுபோல் வரும். ஒரு வாரம் சென்று 2000 தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, வெள்ளை டூத்பேஸ்ட்டால் மெருகு ஏற்றலாம். கண்ணாடிபோல் ஆக்கிவிடாதீர்கள். பெரியப்பா ஞாயிறு காலையில் வாளித் தண்ணீரும் பழைய பனியனும் வைத்துத் துடைத்த வண்டிக்கு எவ்வளவு மினுமினுப்பு இருந்திருக்குமோ அவ்வளவு போதும்.

பம்பர், ஜன்னல் ஓரக் கோடு போன்ற பளபளப்புக்கு ஒட்டும் குரோம் தாள் தனியாக விற்கிறது. விலை கொடுத்து வாங்கலாம், அந்த வேலைக்கு அதுவே சிறந்தது. ஒட்டி, பஞ்சால் அழுத்தி, புது பிளேடால் ஓரம் வெட்டுங்கள். பிளேடு மழுங்கியிருந்தால் தாள் கிழியும்.

நம்பர் பிளேட்டில் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். இன்றைய வெள்ளைப் பலகை அந்தக் காலத்து வண்டியில் இருக்கக் கூடாது. சொந்த வண்டிகளுக்குக் கருப்புப் பலகையில் வெள்ளை எழுத்துதான் இருந்தது. வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்து வாடகை வண்டிகளுக்கு. டி.என். என்ற இரண்டெழுத்தும் பின்னால் வந்ததுதான். அதற்கு முன்னால் மூன்று ஆங்கில எழுத்து, பிறகு எண். கணினியில் பெரிதாக எழுதி, சுருக்கி, லேசர் பிரிண்டில் எடுத்து, வெட்டிய காகித ஓரங்களில் கருப்பு ஸ்கெட்ச் பேனாவால் தொட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளை ஓரம் தெரியும்.

முடிந்தபின்

டயர் மெத்தென்ற வினைல் வகையாக இருந்தால் ஒரு முன்னெச்சரிக்கை. வினைலை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டிரீன் சக்கரத்தை இளக்கிவிடும். நம் ஊர்ச் சூட்டில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். மாட்டுவதற்கு முன்பே சக்கரத்தின் விளிம்பில் பெயிண்ட் பூசி நன்றாகக் காயவிடுங்கள். நிறுத்தும் பலகையும் பிளாஸ்டிக்காக இல்லாமல் மரமாக இருக்கட்டும். மூடியுள்ள கண்ணாடிப் பெட்டியில், வெயில் நேரே விழாத அலமாரியில், பார்க்கிறவர் கண் ஜன்னல் மட்டத்துக்கு வரும் உயரத்தில் வையுங்கள். மேலிருந்து பார்த்தால் கூரைதான் தெரியும், துண்டும் தட்டும் தெரியாது. மழைக்காலத்துக்கு உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். தூசி தட்ட பழைய மேக்கப் பிரஷ் போதும். காப்பி டம்ளர் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகாமல் வாயால் ஊதிவிடுங்கள்.